கறுவாத்தோட்டம்: கொழும்பு 7 இல் உண்மையில் யார் வாழ்கிறார்கள்?

கொழும்பு மாநகரத்தில் 15 அஞ்சல் வலயங்கள் இருக்கின்றன. அவற்றில் ஏழாம் இலக்கம் மட்டும் ஒரு வர்க்கத்தின் பெயராகவே ஆகிவிட்டது. அரசியல் மேடையில் ஒருவர் இன்னொருவரைப் பார்த்து "இவர் கொழும்பு ஏழுக்காரர்" என்று சொன்னால், அவருடைய வீடு எங்கே இருக்கிறது என்று சொல்வதற்காக அதைச் சொல்லவில்லை என்பது கேட்கிற எல்லோருக்கும் தெரியும். தமிழில் கறுவாத்தோட்டம், சிங்களத்தில் குருந்துவத்தை. மேற்கே கொள்ளுப்பிட்டி, கிழக்கே பொரளை, வடமேற்கே கொம்பனித்தெரு, தெற்கே திம்பிரிகஸ்யாயப் பக்கம், நடுவில் வாகை மர நிழல் விழுகிற அகன்ற வீதிகளும் உயரமான மதில்களும்.

வசதியான ஒரு நகரப் பகுதியைப் பற்றி எழுதுகிறவர்கள் வழக்கமாகச் சராசரி வயது, சராசரி வருமானம், எத்தனை பேருக்குப் பட்டப்படிப்பு, எங்கே கோப்பி குடிக்கிறார்கள் என்று அடுக்கிவிட்டுப் போவார்கள். கறுவாத்தோட்டத்தை அப்படி எழுதினால் பாதிதான் தெரியும். இரவில் அங்கே தூங்குகிறவர்கள் ஒரு கூட்டம், காணிக்கு உறுதி (உரிமைப் பத்திரம்) வைத்திருப்பவர்கள் இன்னொரு கூட்டம், காகிதத்தில் மட்டும் அந்த விலாசத்தை வைத்திருப்பவர்கள் மூன்றாவது, காலையில் வந்து அந்த வீடுகளை நடத்திக்கொடுப்பவர்கள் நான்காவது. இந்த நான்கும் ஒன்றோடொன்று மிகக் குறைவாகத்தான் பொருந்துகின்றன. இன்னொன்று, இந்தப் பகுதியின் மதிப்பு பணக்காரர்கள் வந்து குடியேறியதால் மட்டும் உண்டானதில்லை. ஒவ்வொரு காலத்திலும் அரசாங்கம் எடுத்த முடிவுகள்தான் அதைத் தூக்கிப் பிடித்திருக்கின்றன. இதைத்தான் கீழே காட்ட முயல்கிறேன்.

பட்டையிலிருந்து பங்களாவுக்கு

காட்டில் தானாக வளர்ந்த கறுவாவை உரித்து வாங்கிக்கொண்டிருந்த ஒல்லாந்தர், 1760களின் கடைசியில் ஆளுநர் ஃபால்க் காலத்தில் அதைத் தோட்டப் பயிராக்கிப் பார்த்தார்கள். மருதானைப் பக்கம் தொடங்கிய அந்தத் தோட்டம்தான் இந்த இடத்துக்குப் பெயர் கொடுத்தது. 1796 இல் பிரித்தானியர் கொழும்பைப் பிடித்த பிறகும் கறுவா அரசின் ஏகபோகமாகவே இருந்தது. 1833 இல் அது ஒழிக்கப்பட்டது. அதோடு நகரத்துக்குப் பக்கத்திலேயே பெரிய பரப்பளவில் அரச காணி வேறு பயன்பாட்டுக்குத் திறந்துவிடப்பட்டது. இன்றைக்கு ஒரு பேர்ச் காணிக்கு ஒரு கோடி ரூபாவைத் தாண்டி விலை சொல்கிறார்கள் (160 பேர்ச் ஒரு ஏக்கர், கணக்குப் போட்டுப் பாருங்கள்). அந்த விலைக்கு அடியில் இருப்பது அரசு கைவிட்ட ஒரு பயிர்.

ஆனால் பணக்காரர்கள் உடனே இங்கே வந்துவிடவில்லை. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரைக்கும் கொழும்பின் பெரிய வீடுகள் வடக்கே, முகத்துவாரம், கொட்டாஞ்சேனை, கிராண்ட்பாஸ் பக்கம் இருந்தன. கடல் காற்று, துறைமுகத்துக்குக் கிட்ட, கோயில், தேவாலயம் எல்லாம் பக்கத்தில். துறைமுகம் பெரிதானதும் நிலைமை மாறியது. 1875 இல் வேல்ஸ் இளவரசர் அலைதடுப்புச் சுவருக்கு முதல் கல் வைத்தார், 1885 இல் அது முடிந்தது. அதற்குப் பிறகு வடகொழும்பில் கிட்டங்கிகள், கரித்தூசி, தொழிலாளர் லயங்கள் என்று நெருக்கம் கூடக்கூட வசதியுள்ளவர்கள் தெற்கே நகர்ந்தார்கள். 1877 இல் ஆளுநர் கிரகரி காலத்தில் தேசிய நூதனசாலை கறுவாத்தோட்டத்தில் திறக்கப்பட்டது, 1893 இல் குதிரைப் பந்தயத் திடல் வந்தது. வீதிகளுக்கு ஆளுநர்களின் பெயர்கள் வரிசையாக வந்தன: வார்ட், பார்ன்ஸ், ஹோர்ட்டன், கிரகரி, ரோஸ்மீட், டொரிங்டன், மெய்ட்லண்ட். 1921 இல் நகரத் திட்டமிடலாளர் பற்றிக் கெடிஸ் கொழும்புக்குத் திட்டம் எழுதியபோது தோட்ட நகரம் என்ற எண்ணத்துக்குக் கிட்டத்தட்டத் தயாராகவே இருந்த பகுதி இதுதான். அதே பத்தாண்டில் மாநகர சபையின் வெள்ளைக் குவிமாடக் கட்டடமும் எழுந்தது.

இங்கே வந்த பணம் காரீயச் சுரங்கம், சாராயக் குத்தகை, தென்னை, இறப்பர், கொஞ்சம் கோப்பி, கொஞ்சம் தேயிலை என்று பல வழியில் சேர்ந்தது. வழக்கறிஞர்கள், டொக்டர்கள், குடியியற் சேவை அதிகாரிகள் ஆகியோரின் பணமும் அதோடு சேர்ந்தது. சிங்களவர், தமிழர், பறங்கியர், முஸ்லிம்கள், போராக்கள், பார்சிகள் என்று எல்லோரும் ஒரே வீதியில் இருந்தார்கள். சாதியும் இனமும் அந்த வீடுகளுக்குள் கடுமையாகவே இருந்தன, குறிப்பாகக் கலியாணப் பேச்சில். ஆனால் கிளப்பிலும் ஆங்கிலப் பள்ளிக்கூடத்திலும் அவர்கள் ஒரே கூட்டம்.

தமிழர்களுக்கு இந்த இடத்தோடு இருக்கிற உறவு பழையது. வார்ட் பிளேஸில் தமிழ் அரசியல் தலைவர் சேர் பொன்னம்பலம் இராமநாதனின் 'சுகஸ்தான்' என்ற வீடு, ஹோர்ட்டன் பிளேஸில் அவருடைய தம்பி சேர் பொன்னம்பலம் அருணாசலத்தின் வீடு. அருணாசலம்தான் 1901ஆம் ஆண்டு இலங்கைக் குடிசனக் கணக்கெடுப்பை நடத்தியவர். நாட்டின் சனத்தொகையை இனம், மதம், தொழில், எழுத்தறிவு என்று பிரித்து விரிவாக அறிக்கை எழுதியவர், பின்னாளில் இலங்கைத் தேசிய காங்கிரசின் முதல் தலைவர். சனத்தொகைப் படம் வரைய வருகிற எவரும் அவரை நினைக்காமல் போக முடியாது.

இந்த இடப்பெயர்வுக்கு இன்னும் ஒரு தடயம் இருக்கிறது. இராமநாதனின் குடும்பத்துக் கோயிலான பொன்னம்பலவாணேசுவரர் கோயில் கொச்சிக்கடையில் இருக்கிறது. தந்தையார் பொன்னம்பல முதலியார் கட்டியதை இராமநாதன் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முழுக்க முழுக்கக் கருங்கல்லில் திருப்பிக் கட்டினார். குடும்பங்கள் தெற்கே வந்துவிட்டன, கோயில் வடக்கே நின்றுவிட்டது. இன்றைக்கும் கறுவாத்தோட்டத்துச் சைவர்கள் திருவெம்பாவைக்கும் சிவராத்திரிக்கும் ஜெம்பட்டா வீதி நெரிசலுக்குள் காரை விட்டுக்கொண்டு போகிறார்கள்.

அரசாங்கம் வெட்டியதும் ஒட்டியதும்

சுதந்திரத்துக்குப் பிறகு இந்த வர்க்கத்துக்கு அடுத்தடுத்து அடி விழுந்தது. 1956 இன் தனிச் சிங்களச் சட்டம் ஆங்கிலத்தை மட்டும் நம்பி அரச சேவையில் இருந்தவர்களை உலுக்கியது. பறங்கியக் குடும்பங்கள் கூட்டம் கூட்டமாக அவுஸ்திரேலியாவுக்குக் கப்பல் ஏறின. அந்தச் சட்டத்தைக் கொண்டுவந்த பிரதமர் எஸ்.டபிள்யூ.ஆர்.டி. பண்டாரநாயக்கவும் இந்த ஊர்க்காரர்தான். 1959 செப்டெம்பரில் ரோஸ்மீட் பிளேஸில் இருந்த அவருடைய வீட்டு விறாந்தையிலேயே சுடப்பட்டார்.

1972 இல் காணிச் சீர்திருத்தச் சட்டம் ஒரு ஆளுக்கு 50 ஏக்கர் என்று உச்சவரம்பு வைத்தது, வயற்காணிக்கு 25. குருநாகலிலும் சிலாபத்திலும் இருந்த தென்னந்தோட்டத்திலிருந்து மாதாமாதம் வந்த பணத்தில் நடந்துகொண்டிருந்த கொழும்பு வீடுகள் திடீரென்று வெறும் வீடுகளாக மட்டும் நின்றன. அடுத்த வருடமே வீட்டு ஆதன உச்சவரம்புச் சட்டம் வந்து, ஒருவர் இத்தனை வீடுதான் வைத்திருக்கலாம் என்றது. அதற்குப் பிறகு பெரிய வளவுகள் பிள்ளைகளுக்குப் பிரித்து எழுதப்பட்டன, பின்பக்கத் தோட்டம் விற்கப்பட்டது, முன்பக்க மாளிகை ஒரு தூதரகத்துக்கோ அலுவலகத்துக்கோ வாடகைக்குப் போனது. இன்றைக்கு இந்த வீதிகளில் நடந்து பார்த்தால் "32/4", "17/2ஏ" என்று சாய்கோடு போட்ட இலக்கங்கள் நிறையக் கண்ணில் படும். ஒவ்வொரு சாய்கோடும் ஒரு குடும்பச் சொத்து பிரிந்த கதை. என்னைக் கேட்டால், இந்தப் பகுதியின் சமூக வரலாற்றை எழுத வருடாந்தப் புள்ளிவிவரத்தைவிட அந்த இலக்கங்கள்தான் நல்ல ஆவணம்.

பிறகு 1983 யூலை. தமிழருக்கு எதிரான வன்முறை மூண்டது பொரளை கனத்தை மயானத்தில், அதாவது கறுவாத்தோட்டத்தின் கிழக்கு ஓரத்தில். இங்கே இருந்த தமிழ்க் குடும்பங்களிடம் பணம் இருந்தது, சிங்கள நண்பர்கள் இருந்தார்கள், கடவுச்சீட்டும் இருந்தது. வெள்ளவத்தையிலோ தெமட்டகொடையிலோ இருந்தவர்களுக்கு அகதி முகாமும் கப்பலும்தான் வழி என்றால், இவர்களில் பலருக்கு லண்டன், மெல்பர்ன், ரொறன்ரோ என்ற வழி இருந்தது. போனவர்களில் கொஞ்சப் பேர் வீட்டை விற்றார்கள், கொஞ்சப் பேர் வாடகைக்குக் கொடுத்துவிட்டுப் போனார்கள். உறுதி வைத்திருப்பவர்கள் ஒரு இடத்திலும் தூங்குகிறவர்கள் இன்னொரு இடத்திலும் என்று ஆனதில் பெரிய பங்கு இந்த வருடத்துக்கு உண்டு.

இவ்வளவு அடி விழுந்த இடத்தின் விலை ஏன் இறங்கவில்லை? அரசாங்கம் ஒரு கையால் வெட்டியதை மறு கையால் ஒட்டியது. அமைச்சர்களுக்கும் முன்னாள் சனாதிபதிகளுக்கும் கொடுத்திருந்த அரச பங்களாக்கள், பிரதமர் அலுவலகம், பல்கலைக்கழகம், நாட்டின் மிகப் போட்டி கூடிய அரச பாடசாலை, 1973 இல் சீனா கட்டிக்கொடுத்த பண்டாரநாயக்க மாநாட்டு மண்டபம், 2011 இல் திறந்த நெலும் பொக்குண அரங்கு, இவை எல்லாம் இதே சில சதுரக் கிலோமீற்றருக்குள். அதோடு தூதரகங்கள், ஐ.நா. வளாகம், பார்ன்ஸ் பிளேஸில் பிரெஞ்சுக்காரரின் அலியான்ஸ், கிரகரி வீதியில் ஜேர்மனியரின் கோத்தே நிலையம் என்ற பண்பாட்டு நிலையங்கள். டொலரில் வாடகை கொடுக்கிற குடியிருப்பாளர் பக்கத்தில் இருந்தால் காணி விலை எப்படி இறங்கும்?

ஒரு வீடு

சில காலம் இந்தப் பக்கத்து வீடுகளில் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக் கொடுக்கப் போயிருக்கிறேன். அப்படிப் பழகிய ஒரு வீட்டை மட்டும் கிட்டப் போய்ப் பார்ப்போம். யாருடையது, எந்த இலக்கம் என்பது வேண்டாம்.

பழைய இரண்டு மாடி வீடு. முன்னால் கார் வந்து நிற்கத் தூண் வைத்த முகப்பு, உள்ளே சிவப்புச் சீமெந்துத் தரை, உயரத்தில் காற்றோட்டத்துக்கு மரச் சல்லடை. கீழ்த்தளத்தில் இரண்டு அறைகளில் வீட்டுக்காரி இருந்தார். எண்பது தாண்டியவர், கணவர் காலமாகிவிட்டார். அன்ரி என்றுதான் கூப்பிடுவேன், அவருக்கு நான் தம்பி. மகன் மெல்பர்னில், மகள் லண்டனில். மேல்மாடி ஒரு வெளிநாட்டுக் குடும்பத்துக்கு வாடகைக்கு. காலையில் மெல்பர்ன் அழைப்பு, இரவில் லண்டன் அழைப்பு, நடுவில் ஆங்கிலப் பத்திரிகையும் மருந்தும். வெள்ளிக்கிழமை கொச்சிக்கடைக்குப் போவார், மற்ற நாளில் கேற்றுக்கு வெளியே போவது குறைவு. கூரை ஓட்டை மாற்றுவதா, முழு வளவையும் ஒரு தொடர்மாடிக் கட்டுமானக்காரருக்குக் கொடுத்து அதில் இரண்டு வீடு வாங்கிக்கொள்வதா என்று பிள்ளைகளுக்குள் பேச்சு நடந்துகொண்டே இருந்தது. அவருக்கு அதில் விருப்பமில்லை. ஆனால் அந்த வீட்டைப் பராமரிக்கிற செலவு அவருடைய ஓய்வூதியத்தை எப்போதோ தாண்டிவிட்டது, மேல்மாடி வாடகைதான் வீட்டைத் தூக்கி நிறுத்தியது.

சமையற்கட்டில் தலவாக்கலைப் பக்கத்திலிருந்து வந்த அக்கா. சின்ன வயதில் வந்தவர், வாழ்க்கையில் பெரும்பகுதி அந்த வீட்டிலேயே போய்விட்டது. அவருக்குச் சமையலறைக்குப் பின்னால் ஒரு சின்ன அறை, தனிக் கழிப்பறை, வெளியே போகப் பின்பக்கக் கதவு. ஹோமாகமவிலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிற சிங்கள ட்ரைவர் வீட்டுக்காரியை "நோனா" என்பார், சமையற்கட்டு அக்கா "அம்மா" என்பார். இரவுக்கு ஒரு நிறுவனம் அனுப்பும் காவலாளி, வாரத்தில் சில நாள் தோட்டக்காரர், உடம்பு பிடித்துவிட ஒரு பெண். மேல்மாடிக் குடும்பத்துக்குத் தனியாக ஒரு ஆயா.

அன்ரிக்குப் பேச ஆள் வேண்டும். பிள்ளைகள் பணம் அனுப்புகிறார்கள், வருடக் கடைசியில் வருகிறார்கள், ஆனால் ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் காய்ச்சல் வந்தால் பக்கத்தில் இருப்பது தலவாக்கலை அக்காதான். அந்த வீட்டின் உண்மையான குடும்பம் அந்த இரண்டு பெண்கள். ஒருவர் சோபாவில், மற்றவர் கதவோரத்தில் நிலத்தில் உட்கார்ந்து, இருவரும் ஒரே நாடகத்தை ஒரே தொலைக்காட்சியில் பார்ப்பார்கள்.

இலங்கை முழுவதிலும் 2012 கணக்கெடுப்பில் 60 வயதுக்கு மேற்பட்டோர் 12.4 வீதம். பிள்ளைகள் கடல் கடந்து போன இந்த வீதிகளின் பழைய வீடுகளில் முதுமை அதைவிடத் துலக்கமாகத் தெரிகிறது. கொழும்பு மாநகர எல்லைக்குள் 2001 இல் 6 இலட்சத்து 40 ஆயிரத்தைத் தாண்டியிருந்த சனத்தொகை, 2012 இல் சுமார் 5 இலட்சத்து 61 ஆயிரமாகக் குறைந்திருந்தது. வீடு அலுவலகமாகிறது, அலுவலகம் வாகனத் தரிப்பிடமாகிறது, பகலில் நகரம் நிரம்புகிறது, இரவில் விளக்கெரிகிற சன்னல் குறைகிறது.

காகிதத்தில் வாழ்கிறவர்கள்

எனக்கு இந்த ஆய்வில் மிகவும் முக்கியமாகப் படுகிற இடம் இது. றோயல் கல்லூரி 1835 இல் தொடங்கியது, 1923 முதல் ரீட் அவென்யூவில் இருக்கிறது. இன்றைக்கு அதன் விலாசம் இராஜகீய மாவத்தை. அரச பாடசாலை, கட்டணம் பெயருக்குத்தான், சிங்களம், தமிழ், ஆங்கிலம் என்று மூன்று மொழி மூலமும் உண்டு. முதலாம் தரத்துக்குப் பிள்ளைகளைச் சேர்க்கும்போது கல்வி அமைச்சின் சுற்றுநிருபப்படி பாதி இடங்கள் பாடசாலைக்கு அண்மையில் வதிகிறவர்களுக்கு, கால்பங்கு பழைய மாணவரின் பிள்ளைகளுக்கு. வதிவிடத்தை நிரூபிக்க வாக்காளர் இடாப்பில் பெயர் வேண்டும், அதுவும் தொடர்ச்சியாகப் பல வருடத்துக்கு. காணி உறுதி, மின் பட்டியல், தண்ணீர்ப் பட்டியல் எல்லாவற்றுக்கும் புள்ளி. அந்தப் பாடசாலையைவிட உங்கள் வீட்டுக்குக் கிட்ட வேறு பாடசாலை இருந்தால் புள்ளி வெட்டு.

இதன் விளைவு என்ன? பிள்ளை பிறந்த உடனேயே, சில வேளை அதற்கு முன்பே, கறுவாத்தோட்டத்தில் ஒரு விலாசம் தேடத் தொடங்குகிறார்கள். வசதி உள்ளவர் தொடர்மாடியில் ஒரு வீடு வாங்குகிறார். அதைவிடக் கொஞ்சம் குறைந்தவர் யாரோ ஒருவருடைய வீட்டின் இணைப்பறையை வாடகை உடன்படிக்கையில் எழுதிக்கொள்கிறார். பெயர் இடாப்பில் இருக்கும், இரவில் தூங்குவது நுகேகொடையிலோ மஹரகமவிலோ. அதிகாரிகள் வீட்டுக்கு வந்து பார்க்கிற நாளுக்குக் கட்டில், புத்தகப்பை, சாமிப்படம் எல்லாம் ஒழுங்குபடுத்தி வைத்த கதைகளைப் பெற்றோரே சொல்லக் கேட்டிருக்கிறேன். அவர்களை நான் குற்றம் சொல்ல மாட்டேன். நல்ல அரச பாடசாலைகளை விரல்விட்டு எண்ணக்கூடிய சில வீதிகளில் குவித்து வைத்துவிட்டு, அதற்கு அனுமதிச் சீட்டாக விலாசத்தைக் கேட்டால் தாய் தகப்பன் வேறு என்ன செய்வார்கள்? ஆனால் வாக்காளர் இடாப்பை வைத்து இந்தப் பகுதியின் மக்களைப் பற்றிப் பேசுகிறவர்கள் இதைக் கணக்கில் எடுக்க வேண்டும்.

ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் என்ற இன்னொரு கதவும் இருக்கிறது, அதன் வழியாக நாட்டின் எந்த மூலையிலிருந்தும் கெட்டிக்காரப் பிள்ளைகள் ஆறாம் தரத்துக்கு வருகிறார்கள். மத்தியானம் ஒன்றரை மணிக்கு இராஜகீய மாவத்தையில் போய் நின்றால் வரிசையாக நிற்கிற பாடசாலை வான்களின் முன்கண்ணாடியில் இருக்கிற ஊர்ப்பெயர்களைப் படிக்கலாம்: கடுவெல, பாணந்துறை, வத்தளை, ஜா-எல. மலர் வீதியில் லேடீஸ் கல்லூரி, மெய்ட்லண்ட் பக்கம் சென். பிரிஜட்ஸ், தர்ஸ்டன் கல்லூரி எல்லாவற்றுக்கும் இதே காட்சி. வான்கள் போன பிறகு அந்த வீதிகளில் ஆளே இருக்காது.

எப்படி வாழ்கிறார்கள்

காலை ஐந்தரைக்குச் சுதந்திர சதுக்கத்தைச் சுற்றி நடைப்பயிற்சி. 2010 இல் நகர அபிவிருத்தி அதிகாரசபை பாதுகாப்பு அமைச்சின் கீழ் போனதற்குப் பிறகு இந்தப் பகுதியின் மதில்கள் இடிக்கப்பட்டு, நடைபாதை போடப்பட்டு, புல் வெட்டி அழகாக்கப்பட்டது. ஒரு காலத்தில் மனநோயாளர் விடுதியாக இருந்து பிறகு அரச அலுவலகமாக இருந்த கட்டடம் 2014 இல் ஆர்கேட் என்ற கடைத்தொகுதி ஆனது. பழைய பந்தயத் திடலில் றக்பியும் உடுப்புக் கடைகளும், சனிக்கிழமைகளில் இயற்கை விவசாயக் காய்கறியும் கைவேலைப் பொருளும் விற்கிற குட் மார்க்கெட்டும். அலெக்சாண்ட்ரா பிளேஸில் ஒடெல் என்ற பெரிய கடை. இவற்றைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை, எந்த நாட்டுப் பெரிய நகரத்திலும் இப்படி ஒரு மூலை இருக்கும்.

கிளப்கள்தான் இந்த இடத்துக்கே உரியவை. மெய்ட்லண்ட் பிளேஸில் எஸ்.எஸ்.சி., பக்கத்திலேயே என்.சி.சி., சி.சி.சி. என்ற கிரிக்கெட் கிளப்கள், பௌத்தாலோக மாவத்தையில் ஒட்டர்ஸ் நீச்சல் கழகம். உள்ளே போகப் பணம் மட்டும் போதாது, அங்கத்தவர் முன்மொழிய வேண்டும், வழிமொழிய வேண்டும், காத்திருக்க வேண்டும். தகப்பன் அங்கத்தவராக இருந்தால் மகனுக்கு வழி லேசு. பழைய பள்ளிக்கூடத் தோழமையும் கிளப்பும் சேர்ந்துதான் வழக்குக்கு நல்ல அப்புக்காத்து யார், எந்த வங்கிப் பணிப்பாளரிடம் பேசலாம், எந்த வீட்டுப் பெண் கலியாணத்துக்கு இருக்கிறாள் என்ற செய்திகள் ஓடுகின்றன. மார்ச்சில் றோயல் கல்லூரிக்கும் சென். தோமஸ் கல்லூரிக்கும் இடையிலான றோயல்–தோமியன் கிரிக்கெட் போட்டி எஸ்.எஸ்.சி. மைதானத்தில் நடக்கிற மூன்று நாளும் இந்த வர்க்கத்தை ஒரே இடத்தில் முழுதாகப் பார்க்கலாம், அதற்காகவே மெல்பர்னிலிருந்து வருகிறவர்கள் உண்டு.

கலையைச் சொல்லாமல் விட்டால் அநியாயம். புகைப்படக் கலைஞர் லயனல் வெண்ட் இருந்த வீட்டின் நிலத்தில் 1953 இல் எழுந்த அரங்கில் மூன்று மொழி நாடகமும் நடக்கிறது. பார்ன்ஸ் பிளேஸில் ஓவியர் ஹரி பீரிஸ் வாழ்ந்த வீடு இன்று சபுமல் அறக்கட்டளை, 1943 இல் உருவான '43 குழு' என்ற நவீன ஓவியர் கூட்டத்தின் ஓவியங்களை அங்கே போய்ச் சும்மா பார்க்கலாம். ஆனந்த குமாரசுவாமியின் பெயரைத் தாங்கிய வீதியோரத்தில், பழைய பச்சைப் பாதையில், வேலியில் ஓவியம் சாய்த்து வைத்து விற்கிறார்கள். வருடா வருடம் நடக்கிற கலா பொல கண்காட்சி 1993 இல் தொடங்கியது. தூர ஊர்களிலிருந்து வந்து ஓவியம் விற்றுவிட்டுப் போகிற பிள்ளைகளுக்குக் கறுவாத்தோட்டம் நேராகத் தருகிற ஒரு நன்மை இது.

பின்பக்கக் கதவு

வீட்டுப் பணியாளரைப் பதிவு செய்ய 1871 இலேயே இந்த நாட்டில் சட்டம் போட்டார்கள், அது எசமானரின் பாதுகாப்புக்கான சட்டம். 2016 இல் தேசிய குறைந்தபட்ச சம்பளச் சட்டம் வந்தபோது வீட்டுப் பணியாளர்கள் அதற்கு வெளியே நிறுத்தப்பட்டார்கள். மலையகத் தோட்டங்களிலிருந்து பெண்பிள்ளைகளைக் கொழும்பு வீடுகளுக்குக் கூட்டிவரத் தரகர்கள் இருக்கிறார்கள், முற்பணம் தகப்பன் கைக்குப் போகும், பிள்ளை இங்கே வரும். 2021 யூலையில் பௌத்தாலோக மாவத்தையில் ஒரு முன்னாள் அமைச்சரின் வீட்டில் வேலைக்கு இருந்த 16 வயது டயகமச் சிறுமி தீக்காயங்களோடு தேசிய வைத்தியசாலையில் இறந்தாள். வேலைக்கு வரும்போது அவளுக்கு வயது இன்னும் குறைவு. ஹட்டனிலும் கொழும்பிலும் ஆட்கள் பதாகையோடு தெருவுக்கு வந்தார்கள். அந்த அமைச்சர் சிறுபான்மைச் சமூகத்தவர் என்பதால் பேச்சு வேறு பக்கம் திரும்பியதும் நடந்தது. ஆனால் பிள்ளைகளை வேலைக்கு வைத்த வீடு எந்த ஒரு இனத்துக்கும் மட்டும் சொந்தமானதில்லை, தமிழ் வீடுகள் உட்பட.

புதிய தொடர்மாடிகளின் வரைபடத்தைப் பாருங்கள். நாலாம் மாடியிலும் அதற்கு மேலேயும் வெளிநாட்டவரும் வாங்கலாம் என்று 2014ஆம் ஆண்டுச் சட்டம் இடம் கொடுத்ததும் விற்பனை விளம்பரங்கள் சிட்னியிலும் லண்டனிலும் இருக்கிற எங்கள் ஆட்களைத் தேடிப் போகின்றன. நீச்சல் குளம், ஜிம் எல்லாம் படத்தில் பெரிதாக இருக்கும். சமையலறைக்குப் பின்னால், துணி துவைக்கிற இடத்தை ஒட்டி, சன்னல் இல்லாத ஒரு சின்னச் சதுரம் இருக்கும், அதில் ஒரு ஒற்றைக் கட்டில். அது பணிப்பெண்ணின் அறை. பழைய பங்களாவின் பின்கட்டு அறைக்காவது முற்றத்துக் காற்று வந்தது.

மதிலுக்கு வெளியே போனாலும் இதே கதைதான். 2001 இல் எடுத்த கணக்கெடுப்பில் கொழும்பு நகரத்தில் 1,614 வசதி குறைந்த குடியிருப்புகளும் அவற்றில் 77,612 குடும்பங்களும் இருந்தன, அதாவது நகரத்தின் கிட்டத்தட்டப் பாதிப் பேர். கறுவாத்தோட்டத்து வீடுகளில் தோட்டம் கூட்டுகிறவர், துணி துவைக்கிறவர், முச்சக்கர வண்டி ஓட்டுகிறவர் பலர் கொம்பனித்தெருவிலும் வனாத்தமுல்லையிலும் இருந்து நடந்து வரக்கூடியவர்கள். 2010 மே மாதம் கொம்பனித்தெரு மியூஸ் வீதி வீடுகள் படையினரின் காவலோடு இடிக்கப்பட்டன. வேறு பல குடும்பங்கள் வடக்கே அடுக்குமாடிகளுக்கு அனுப்பப்பட்டார்கள். வேலை இங்கேயே இருந்தது, வீடு இரண்டு பஸ் தூரத்துக்குப் போய்விட்டது.

மதில் எவ்வளவு காக்கும்

2005 ஓகஸ்ட் 12 இரவு வெளிவிவகார அமைச்சர் லக்ஷ்மன் கதிர்காமர் புல்லர்ஸ் ஒழுங்கையில் தன் வீட்டு நீச்சல் குளத்தருகே சுடப்பட்டார், அயல் வீட்டு மேல்மாடியில் பதுங்கியிருந்த ஒருவரால். புலிகள் மீது அரசு குற்றம் சாட்டியது, அவர்கள் மறுத்தார்கள். அந்தக் காலத்தில் இந்த வீதிகள் பாதிக்குப் பாதி தடுப்புப் போட்டு மூடியிருந்தன. தமிழ்ப் பெயர் இருந்தால் சோதனைச் சாவடியில் எல்லோரும்தான் நிற்க வேண்டும், ஆனால் அடையாள அட்டையில் கொழும்பு 7 விலாசம் இருந்தால் பொலிஸ்காரரின் குரல் கொஞ்சம் இறங்கும். கொட்டாஞ்சேனை லொட்ஜ் விலாசம் இருந்தால் ஏறும். இதை அனுபவித்த தமிழர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

2022 பொருளாதார நெருக்கடியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம் வரை மின்வெட்டு வந்தபோது ஜெனரேற்றர் வைத்திருந்த வீடுகளும் டீசல் இல்லாமல் இருளில் கிடந்தன. அந்த யூலை 13 ஆம் தேதி அரசாங்கத்தை எதிர்த்து வந்த ஆர்ப்பாட்டக் கூட்டம் மலர் வீதிக்கு வந்து பிரதமர் அலுவலகத்தின் கேற்றை ஏறிக் குதித்தது. இந்த வீதிகளில் முதல் தடவையாகக் கால் வைத்தவர்கள் அந்தக் கூட்டத்தில் ஏராளம்.

2025 செப்டெம்பர் 10 அன்று முன்னாள் சனாதிபதிகளின் உரித்துகளை நீக்கும் சட்டம் பாராளுமன்றத்தில் நிறைவேறியது, மறுநாளே மஹிந்த ராஜபக்ச விஜேராம மாவத்தை இல்லத்தை விட்டு வெளியேறினார். கமராக்கள் அவருடைய காரைப் பின்தொடர்ந்தன. எனக்கு அந்த வளவின் மேல்தான் கண். இந்தப் பகுதியில் அரசுக்குச் சொந்தமான பங்களாக்கள் ஒன்றிரண்டு இல்லை, ஒவ்வொன்றும் பெரிய வளவு, ஒவ்வொன்றும் பொதுச் சொத்து. அவற்றை விடுதி நடத்துகிறவர்களுக்கோ தொடர்மாடி கட்டுகிறவர்களுக்கோ நீண்டகாலக் குத்தகைக்கு விட்டால் விலை இன்னும் ஏறும், அவ்வளவுதான் நடக்கும். ஒரு வளவிலாவது தினமும் ஹோமாகமவிலிருந்தும் கடுவெலவிலிருந்தும் வந்து போகிற தாதிமாருக்கும் ஆசிரியர்களுக்கும் தாங்கக்கூடிய வாடகையில் வீடு கட்டட்டும். இன்னொன்றில் வீட்டுப் பணிப்பெண்கள் விடுமுறை நாளில் வந்து தங்க, சட்ட உதவி கேட்க ஒரு இடம் வரட்டும். மாநகர சபைக்கும் நகர அபிவிருத்தி அதிகாரசபைக்கும் இதை எழுத்தில் கேட்கலாம், குத்தகை ஒப்பந்தங்கள் கையெழுத்தாவதற்கு முன்பே கேட்க வேண்டும்.